கடித்ததைச் சொல்லிவிடு, கண்ணா!



2010ஆம் ஆண்டு. நெய்வேலியில் நாலாம் வகுப்புக்கு நான் டீச்சர். ஜூலை மாதப் புழுக்கம். மின்விசிறி சுற்றுகிறதே தவிர காற்று வரவில்லை. அந்தப் புழுக்கத்திலும் என் வகுப்பில் ஒரு பையன் மட்டும் இரண்டு சாக்ஸையும் முழங்கால் வரை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாதாரணமாக அவனுடைய சாக்ஸ் கணுக்காலில் சுருண்டு கிடக்கும். தினமும் அதற்காக என்னிடம் திட்டு வாங்குவான். 'பரவாயில்லையே, திருந்திவிட்டானே' என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. மூன்று நாள் அப்படியே மகிழ்ந்துகொண்டிருந்தேன். என் புத்தி அவ்வளவுதான்!

நாலாவது நாள், அவன் பக்கத்தில் உட்காரும் பையன் எழுந்து நின்றான்.

"டீச்சர், இவனை நாய் கடிச்சிருக்கு டீச்சர். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னான். இப்ப ரப்பர் கேட்டா தர மாட்டேங்கிறான். அதான் சொல்லிட்டேன்."

சாக்ஸை இறக்கிப் பார்த்தேன். கெண்டைக்காலில் இரண்டு பல் பதிந்த காயம். சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. மேலே ஏதோ கறுப்பாக ஒட்டிக் காய்ந்திருந்தது. என்னவென்று கேட்டால், காப்பித் தூளாம்! யாரோ பெரியவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்கிறது. அடுக்களையில் இருந்து ஒரு பிடி எடுத்துத் தானே வைத்தியம் செய்துகொண்டுவிட்டான்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் தெருவில் கிரிக்கெட் விளையாடியிருக்கிறார்கள். பந்து உருண்டு ஒரு காருக்கு அடியில் போய்விட்டது. அங்கே ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. இவன் குனிந்து கையையும் காலையும் நீட்டிப் பந்தை எடுக்கப் பார்த்தான். தாய் நாய் சும்மா இருக்குமா?

"ஏன்டா வீட்டில் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு நைட் ஷிப்ட் டீச்சர். பகல்ல தூங்குவாரு. எழுப்பினா அடிப்பாரு. அம்மா அந்த நாய்கிட்ட போகாதேன்னு அன்னிக்குத்தான் சொன்னாங்க. அவங்களும் அடிப்பாங்க. அப்புறம்..." என்று இழுத்தான்.

"அப்புறம்?"

"தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களாமே டீச்சர்!"

அவன் சொன்ன கடைசிக் காரணத்தைக் கேட்டதும் எனக்குக் கோபம் போய்விட்டது. ஏனென்றால் அந்தப் பதினாலு ஊசியை எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது!

நான் போட்டுக்கொண்ட ஊசி

எனக்கு எட்டு வயது இருக்கும்போது எங்கள் கிராமத்தில் ஒரு தெருநாய் என் கையைக் கடித்துவிட்டது. என் பாட்டி சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டு ஓடி வந்தார். பக்கத்து வீட்டுத் தாத்தா, "மந்திரித்துக் கயிறு கட்டினால் போதும்" என்றார். நல்லவேளை, என் அப்பா யார் பேச்சையும் கேட்கவில்லை. சைக்கிளின் முன்கம்பியில் என்னை உட்கார வைத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். அன்று தொடங்கி 14 நாள், தினமும் ஓர் ஊசி, வயிற்றில்! ஏழெட்டு நாளுக்குப் பிறகு, ஊசி போட இடம் தேடுவதே நர்ஸ் அம்மாவுக்குப் பெரிய வேலையாகிவிட்டது. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்ட முடியாமல் நான் அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

அந்தப் பழைய மருந்தை 1911இல் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் இமயமலை அடிவாரத்தில் இருக்கும் கசௌலி என்ற ஊரில் உருவாக்கினார். ஆட்டின் மூளையில் வெறிநோய்க் கிருமியை வளர்த்து, பிறகு அந்தக் கிருமியைக் கொன்று மருந்தாக்கினார்கள். வீரியம் குறைவு. அதனால் நிறைய ஊசி தேவைப்பட்டது. சிலருக்குப் பக்க விளைவும் வந்தது. 2004ஆம் ஆண்டோடு இந்தியாவில் அந்த மருந்தைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

ஆக, நாலாம் வகுப்புப் பையன் பயந்தது இல்லாத ஒரு ஊசிக்கு! மருந்து போய்விட்டது, பயம் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. நீங்களும் யாராவது "பதினாலு ஊசி" என்று பயமுறுத்தினால், "அதெல்லாம் எங்க பாட்டி காலத்துக் கதை" என்று சொல்லிவிடுங்கள்.

குன்னூருக்கு ஒரு ஆஸ்பத்திரி வந்த கதை

பதினாலு ஊசியாவது கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட வேண்டும். அதுவும் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது.

1885ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று, இன்று பிரான்ஸ் நாட்டில் இருக்கும் அல்சேஸ் பகுதியில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனை வெறிநாய் கடித்துக் குதறிவிட்டது. உடம்பில் 14 இடங்களில் காயம். அவனுடைய அம்மா அவனை அழைத்துக்கொண்டு பாரிஸ் நகரத்துக்கு ஓடினார். அங்கே லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி வெறிநாய்க்கடிக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். முயல், நாய் என்று விலங்குகளுக்குப் போட்டுப் பார்த்திருந்தாரே தவிர, மனிதர்களைக் காப்பாற்றும் என்று அவருக்கே நிச்சயம் இல்லை. ஆனால் ஊசி போடாவிட்டால் பையன் பிழைப்பது கடினம் என்பது தெரியும். பாஸ்டர் மருத்துவர் இல்லை என்பதால், ஜூலை 6 அன்று ஒரு மருத்துவர் முதல் ஊசியைப் போட்டார். மொத்தம் 13 ஊசிகள். ஜோசப் பிழைத்துக்கொண்டான்! வளர்ந்து பெரியவனானதும் பாரிஸில் உள்ள பாஸ்டர் ஆய்வு நிலையத்திலேயே காவலாளியாக வேலை பார்த்தான்.

இந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் மருந்து எங்கே கிடைக்கும்? பாரிஸில்! இங்கே வாழ்ந்த வெள்ளைக்காரர்களில் வசதி உள்ளவர்கள் கப்பல் ஏறிப் போனார்கள். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? 1900இல் கசௌலியில் ஒரு பாஸ்டர் நிலையம் தொடங்கினார்கள். அதுவும் வடக்கே வெகு தூரத்தில். தென்னிந்தியாவில் கடிபட்டவர் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலில் நாள் கணக்காகப் போக வேண்டும்.

1902ஆம் ஆண்டு லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்துபோனார். தெற்கே அதற்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. அந்த மரணம் எல்லோரையும் உலுக்கிவிட்டது. தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்று பேச்சு எழுந்தது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர், நல்ல காரியங்களுக்காக வைஸ்ராய் கர்ஸனிடம் பெரிய தொகை கொடுத்திருந்தார். அதில் ஒரு பகுதி இதற்கு உதவியது. 1907ஆம் ஆண்டு ஏப்ரல் 6 அன்று, நீலகிரி மாவட்டம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. இன்றும் அது இருக்கிறது. ஊட்டிக்குச் சுற்றுலா போகும்போது குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்குப் போவீர்கள் இல்லையா? அதற்குப் பக்கத்தில்தான். அடுத்த முறை போனால் பூக்களோடு சேர்த்து அந்தப் பழைய கட்டடத்தையும் வெளியிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.

கிருமி ஏறும் பாதை

சரி, ஒரு நாய்க்கடிக்கு ஏன் இவ்வளவு அவசரம்? காயம் சின்னதுதானே?

நெய்வேலிப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்திருப்பீர்கள். மைல் கணக்கில் நீளும். ஒரு முனையில் கொட்டிய நிலக்கரி மெல்ல நகர்ந்து அனல் மின் நிலையத்துக்குப் போய்ச் சேரும். நம் உடம்பில் நரம்பும் அப்படி ஒரு பெல்ட்தான்.

வெறி பிடித்த நாயின் எச்சிலில் ரேபிஸ் வைரஸ் இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் துப்பாக்கிக் குண்டு மாதிரி இருக்கும். கடிக்கும்போது காயத்துக்குள் இறங்குகிறது. அங்கே சதையில் கொஞ்சம் தங்குகிறது. பிறகு நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. போய்ச் சேரப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். சில பேருக்கு ஒரே வாரத்திலும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். முகத்திலோ தலையிலோ கடித்தால் பாதை குறுகியது, சீக்கிரம் போய்விடும். குட்டிப் பிள்ளைகள் உயரம் குறைவு என்பதால் அவர்களுக்கு முகத்தில் கடி விழுவது அதிகம்.

கிருமி வழியில் இருக்கும்போது உடம்பில் ஒன்றும் தெரியாது. காயம் ஆறிவிடும். பையன் விளையாடுவான், சாப்பிடுவான். "பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை" என்று எல்லோரும் மறந்துவிடுவார்கள். அந்த நாள்களில்தான் பெல்ட்டை நிறுத்த முடியும். நிறுத்தும் சுவிட்ச் தடுப்பூசி. கிருமி மூளைக்குப் போய், தண்ணீர் குடிக்கப் போனாலே தொண்டை இழுத்துக்கொள்கிற நிலை வந்துவிட்டால், அதற்குப் பிறகு காப்பாற்றுவதற்கு இன்றுவரை நம்பகமான மருந்து கிடையாது. உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் பிழைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு வருடமும் உலகில் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். அதாவது உங்கள் வயதுக்காரர்கள். அதனால்தான் இதைப் பெரியவர்கள் பக்கத்தில் எழுதாமல் உங்கள் பக்கத்தில் எழுதுகிறேன்.

முதல் மருந்து குழாயடியில்

மறுபடியும் என் வகுப்புப் பையனிடம் வருவோம். அவன் காலைத் தூக்கிக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போனேன். சோப்பு போட்டு, குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினோம். நாலு நாள் ஆகிவிட்டதே, இனிக் கழுவி என்ன பயன் என்று நினைக்கக்கூடாது. தாமதமானாலும் கழுவத்தான் வேண்டும். கடித்த உடனே கழுவினால் இன்னும் எவ்வளவோ நல்லது.

கழுவுவது என்றால் கையலம்புகிற மாதிரி இல்லை. ஓடும் தண்ணீரில், சோப்பு போட்டு, 15 நிமிடம்! ரேபிஸ் வைரஸின் மேலே கொழுப்பாலான ஒரு போர்வை இருக்கிறது. சோப்பு அந்தப் போர்வையைக் கிழித்துவிடும். கொரோனா காலத்தில் கையைக் கழுவு, கழுவு என்று சொன்னார்களே, அதே காரணம்தான். 15 நிமிடம் என்பது ரொம்ப நேரம். இரண்டாவது நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும். பக்கத்தில் யாரையாவது கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காப்பித் தூள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், எண்ணெய், பச்சிலை எதையும் காயத்தில் வைக்கக்கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நகரியத்தில் என்.எல்.சி. பொது மருத்துவமனை இருக்கிறது. சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களும், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம் அரசு மருத்துவமனைகளும் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் இந்தத் தடுப்பூசிக்குப் பணம் கிடையாது.

அவன் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார். டாக்டர் அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை, பையனைப் பார்த்துத்தான் கேட்டார். என்றைக்குக் கடித்தது? எத்தனை இடத்தில்? ரத்தம் வந்ததா? தெருநாயா, வீட்டு நாயா? இப்போது அந்த நாய் எங்கே? நீயாகச் சீண்டினாயா, அதுவாக வந்து கடித்ததா? இதற்கு முன்னால் எப்போதாவது இந்த ஊசி போட்டிருக்கிறாயா?

எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான்! கடிபட்ட இடத்தில் பெரியவர்கள் யாரும் இல்லையே. அவனுக்குத்தானே தெரியும்? அதனால், பிள்ளைகளே, டாக்டர் கேட்டால் பயத்தில் எதையும் மாற்றிச் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடித்ததை "இன்றைக்குத்தான்" என்று சொன்னால் திட்டு குறையலாம், ஆனால் டாக்டரின் கணக்கு தப்பிவிடும்.

"லேட்தான். ஆனா இன்னும் நேரம் இருக்கு" என்றார் டாக்டர். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் அவன் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

ரத்தம் வருகிற மாதிரி கடித்திருந்தால் இரண்டு விதமான மருந்து கொடுப்பார்கள். தடுப்பூசி போட்டதும் நம் உடம்பு கிருமியை எதிர்க்கும் பொருளைத் தானே தயாரிக்கத் தொடங்கும். அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கிருமி சும்மா இருக்குமா? அந்த இடைவெளியை அடைக்க, தயாராக இருக்கும் எதிர்ப்பொருளைக் காயத்தைச் சுற்றியே ஊசி மூலம் செலுத்துவார்கள். அதற்கு இம்யூனோகுளோபுலின் என்று பெயர். சிறிய சுகாதார நிலையத்தில் அது இல்லாவிட்டால் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே அவசியம் போக வேண்டும். முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாளைக்குள் அதைப் போட்டாக வேண்டும்.

வலிக்குமா என்று கேட்கிறீர்களா? காயத்தில் போடுவது வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன். என் கையை அவன் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. ஆனால் தடுப்பூசி அப்படி இல்லை. இரண்டு புஜத்திலும் தோலுக்குள் ஒரு சொட்டு அளவு, 0.1 மில்லி. எறும்புக் கடி மாதிரி! "அவ்ளோதானா?" என்று கேட்டான்.

காலண்டர் கணக்கு

அவ்வளவுதான் இல்லை. மறுபடியும் வர வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் ஊசி. இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, நிறைய பேர் தப்பு செய்வார்கள். முதல் ஊசி போடும் நாள் 1ஆம் நாள் இல்லை, 0ஆம் நாள்! கடித்த நாளும் இல்லை, ஊசி போட்ட நாள். 1ஆம் தேதி தொடங்கினால் அடுத்தவை 4, 8, 29ஆம் தேதிகளில் வரும். திங்கட்கிழமை தொடங்கினால் இரண்டாவது ஊசி வியாழன், மற்ற இரண்டும் திங்கள். வியாழக்கிழமை தொடங்கினால்? இரண்டாவது ஊசி ஞாயிற்றுக்கிழமை வருகிறது பாருங்கள்! அன்று எங்கே, எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று முதல் நாளே நர்ஸ் அக்காவிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் சதைக்குள் போடுவார்கள். அப்போது 14ஆம் நாளும் சேர்ந்து ஐந்து ஊசி.

தேதிகளை எழுதிய அட்டை ஒன்று தருவார்கள். அதைத் தொலைக்கக்கூடாது. நடுவில் திருவிழாவுக்குப் பாட்டி ஊருக்குப் போகிறீர்களா? அட்டையையும் பையில் வையுங்கள். அந்த ஊர் அரசு மருத்துவமனையில் காட்டினால் அடுத்த ஊசியைப் போடுவார்கள். பலர் 7ஆம் நாளோடு நின்றுவிடுகிறார்கள். காயம் ஆறிவிட்டதாம்! ஆறியது தோல்தானே?

பத்தியம் உண்டா என்று கேட்பார்கள். கத்தரிக்காய் கூடாது, கோழிக்கறி கூடாது, தலை குளிக்கக்கூடாது என்று ஊரில் நீளமாகப் பட்டியல் சொல்வார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. வயிற்றில் நாய்க்குட்டி வளரும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

நாய்க்குட்டி கொஞ்சும்போது நகம் கீறினால்? பூனை பிறாண்டினால்? குரங்கு கடித்தால்? அதையும் சொல்ல வேண்டும். தடுப்பூசி போட்ட வீட்டு நாய் என்றாலும் சொல்ல வேண்டும். ஊசி வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்க டாக்டர் இருக்கிறார். அது நம் வேலை இல்லை. காயமே இல்லாத தோலில் நாய் நக்கினால் பயம் இல்லை, கழுவினால் போதும்.

நாய்மேல் கோபம் வேண்டாம். நாய்க்கும் இது வேறொரு விலங்கிடம் இருந்து வந்த நோய்தான். அந்தத் தாய் நாய்க்கு வெறி இருந்ததா என்றே எங்களுக்குத் தெரியாது. குட்டிகளைக் காப்பாற்றக் கடித்திருக்கும். ஆனால் தெரிகிறவரை காத்திருக்க முடியாது, அதனால் ஊசியை உடனே தொடங்கினோம். குட்டி போட்ட நாய், சாப்பிடும் நாய், தூங்கும் நாய், இந்த மூன்றிடமும் போகாதீர்கள். குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாமல் மரம் மாதிரி நில்லுங்கள், அதன் கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். கீழே விழுந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் கையால் மூடிக்கொண்டு பந்து மாதிரி சுருண்டுகொள்ளுங்கள். மெக்சிகோ நாட்டில் வருடா வருடம் நாய்களுக்கெல்லாம் தடுப்பூசி போட்டே, நாய் மூலம் மனிதருக்கு வரும் ரேபிஸ் மரணத்தை இல்லாமல் செய்துவிட்டார்கள். 2019இல் உலகச் சுகாதார நிறுவனமே அதைச் சான்று சொல்லி ஏற்றுக்கொண்டது. நம் ஊரிலும் வளர்ப்பு நாய்க்குக் கால்நடை மருத்துவமனையில் வருடம் ஒரு முறை ஊசி போடலாம்.

பையனின் அப்பா விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேனே! அன்று மாலை அவர் பள்ளிக்கு வந்தார். தூக்கம் கலைந்த சிவந்த கண்கள். அடிக்கப்போகிறார் என்று நானே பயந்தேன். அவர் பையன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "நான் தூங்கினா எழுப்ப மாட்டியாடா?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஊசிகளுக்கு எல்லாம், நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல், அவரே சைக்கிளில் அழைத்துக்கொண்டு போனார்.

28ஆம் நாள் ஊசி ஆகஸ்டு மாதத்தில் ஒரு வியாழக்கிழமை வந்தது. அன்று அவன் வர நேரமாகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று நான் போட்டுவிட்டேன். பத்தரை மணிக்கு வாசலில் வந்து நின்றான். சாக்ஸ் வழக்கம்போல் கணுக்காலில் சுருண்டு கிடந்தது. கையில் அந்த அட்டை, நாலு கட்டத்திலும் கையெழுத்தோடு.

பதிவேட்டில் அடித்துத் திருத்தக்கூடாது என்பது எங்கள் தலைமையாசிரியரின் கண்டிப்பான உத்தரவு. அன்று ஒரு நாள் திருத்தினேன்.